நகராட்சித் தரவைத் திறந்த தரவாக வெளியிடுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

"திறந்த தரவு போடச் சொல்லியிருக்கிறார்கள், நீங்களே பார்த்துச் செய்துவிடுங்கள்." ஒரு நகராட்சி அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்த அறிவுறுத்தல் இந்த ஒரு வரிதான். முதல் கோப்பு மக்கள் பார்வைக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. இன்று அதே வேலையை ஆறு வாரத்தில் முடித்துவிட முடியும் என்று தெரிகிறது. எதை முதலில் செய்வது, யாரிடம் கையெழுத்து வாங்குவது, எந்த எக்செல் எப்படிச் சிதையும் என்று தெரியாமல்தான் மற்ற நாள்களை இழந்தேன். இப்போது உங்கள் மேசைக்கு இந்த வேலை வந்திருந்தால் அந்த நாள்கள் உங்களுக்கு மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன்.

திறந்த தரவு என்று சொல்ல மூன்று விஷயம் சேர்ந்திருக்க வேண்டும். யாரும் அனுமதி கேட்காமல், பணம் கட்டாமல் இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். கணினி நேராகப் படிக்கிற வடிவில் இருக்க வேண்டும். எடுத்தவர் அதை வைத்து செயலியோ செய்தியோ ஆய்வோ செய்துகொள்ள எழுத்தில் உரிமை இருக்க வேண்டும். முத்திரை குத்திய தாளை ஸ்கேன் செய்து இணையதளத்தில் ஏற்றுவது இதில் சேராது. அது அறிவிப்புப் பலகையில் ஒட்டியதற்குச் சமம்; படிக்கலாம், கூட்டிக் கழித்துப் பார்க்க முடியாது.

1. தகவல் உரிமைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

எதை வெளியிடலாம் என்று கூட்டம் போட்டுக் கேட்டால், ஒவ்வொரு பிரிவும் தன் கையில் தயாராக இருப்பதைத்தான் தரும். எனக்கு முதலில் வந்தது பணியிடங்களின் பட்டியல். அதைக் கேட்டு யாரும் அந்த அலுவலகத்தின் படியேறியதில்லை. ஆனாலும் அதைச் சுத்தம் செய்வதில் இரண்டு வாரம் போனது.

நீங்கள் பொதுத் தகவல் அலுவலரிடம் உள்ள தகவல் உரிமை மனுப் பதிவேட்டையும், குறைதீர் மனுப் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். கடைசி இரண்டு ஆண்டைப் புரட்டினால் போதும். ஒரே கேள்வி வேறு வேறு கையெழுத்தில் திரும்பத் திரும்ப வந்திருக்கும். எங்கள் பதிவேட்டில் முதலிடம் தண்ணீருக்கு: எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு விடுகிறீர்கள், எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது? அடுத்து தெருவிளக்கு, அதற்கடுத்து பொதுக் கழிப்பறை. எங்கள் முதல் தரவுத்தொகுப்பு குடிநீர் விநியோக அட்டவணையாக அமைந்தது அதனால்தான்.

மேலதிகாரியிடம் பேசும்போதும் இந்தப் பதிவேடே உங்களுக்குப் பலம். ஒரு மனுவுக்குப் பதில் தயாரிக்க ஒரு எழுத்தருக்கு அரை நாள் ஆகிறது என்றால், அதே கேள்வி ஆண்டுக்கு எத்தனை முறை வந்தது என்று எண்ணிக் காட்டுங்கள். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(2) பிரிவு, மக்கள் மனுப் போட வேண்டிய தேவையே குறைகிற அளவுக்கு அலுவலகம் தானாகவே, குறிப்பிட்ட இடைவெளிகளில் தகவலை வெளியிட முயல வேண்டும் என்கிறது. நீங்கள் செய்யப்போவது புதுமுயற்சி அல்ல, சட்டம் ஏற்கெனவே சொன்ன வேலை. இதை அழுத்திச் சொல்லுங்கள்.

எண்ணிக்கையில் பேராசை வேண்டாம். தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை 2012இல் வந்தபோது, மத்தியத் துறைகள் ஒவ்வொன்றும் முதல் மூன்று மாதத்தில் குறைந்தது 5 உயர்மதிப்புத் தொகுப்புகளை ஏற்ற வேண்டும் என்றது. பெரிய துறைக்கு அது சரி. ஆறு பேர் வேலை பார்க்கும் அலுவலகப் பிரிவுக்கு முதல் சுற்றில் ஒன்று போதும், மிஞ்சினால் மூன்று.

இதற்கு ஆகும் காலம்: 3 வேலை நாள். செலவு இல்லை.

2. வாய்மொழி ஒப்புதலை நம்பாதீர்கள், குறிப்பு வையுங்கள்

எனக்கு அதிக நாள் போனது இங்கேதான். அதிகாரி "தாராளமாகப் போடுங்கள்" என்றார். நான் வேலையைத் தொடங்கிவிட்டேன். ஆறாவது வாரம் அவருக்கு மாறுதல் வந்தது. புதிதாக வந்தவர் "கோப்பு எங்கே?" என்று கேட்டார், அவர் கேட்டது நியாயம்தான். மீண்டும் முதல் படியிலிருந்து ஏற வேண்டியிருந்தது.

தரவைத் தொடும் முன்பே ஒரு பக்க அலுவலகக் குறிப்பு வைத்து ஆணையரின் ஒப்புதல் வாங்குங்கள். கோப்பில் இவை இருக்கட்டும்:

- எந்தத் தரவுத்தொகுப்பு, எந்தப் பதிவேட்டிலிருந்து, எந்தக் காலத்துக்கு உரியது என்ற ஒரு பத்தி
- தகவல் உரிமைச் சட்டம் 4(1)(ஆ), 4(2) பிரிவுகள், 2012 தேசியக் கொள்கை, தமிழ்நாடு என்றால் மாநிலத்தின் 2022 தரவுக் கொள்கை ஆகியவற்றின் மேற்கோள்
- தரவைத் தரும் பிரிவின் தலைவர் எழுதிய சம்மதக் குறிப்பு
- யார் தொகுப்பார், யார் சரிபார்த்து வெளியிடுவார் என்று இரண்டு பொறுப்புகளையும் பிரித்துக் காட்டும் ஆணை
- எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் என்ற வரி
- இருபது வரி கொண்ட மாதிரிக் கோப்பின் அச்சு

ஆணையில் ஆள் பெயரைப் போடாமல் பதவிப் பெயரைப் போடுங்கள். "குடிநீர்ப் பிரிவு உதவிப் பொறியாளர்" என்று இருந்தால் மாறுதல் வந்தாலும் ஆணை நிற்கும். மாதிரிக் கோப்பைக் கட்டாயம் வையுங்கள். "திறந்த தரவு" என்ற சொல்லைக் கண்டு தயங்கிய அதிகாரிகள், தெருப் பெயரும் கிழமையும் நேரமும் கொண்ட இருபது வரியைப் பார்த்ததும் இவ்வளவுதானா என்று கையெழுத்திட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பொறியியல் பிரிவின் சம்மதம் வர எனக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. அவர்களிடம் உண்மையான அச்சம் ஒன்று இருந்தது: அட்டவணைப்படி தண்ணீர் வராத நாளில் மக்கள் அதைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள். அந்த அச்சத்தைத் தட்டிக்கழிக்காமல் உட்கார்ந்து பேசினோம். மின்தடை, குழாய் உடைப்பு நாள்களைக் குறிக்கத் தனி நெடுவரிசை சேர்க்கலாம் என்று முடிவானதும் சம்மதித்தார்கள். இப்படிப்பட்ட பேச்சுக்கும் நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

காலம்: 10 முதல் 15 வேலை நாள்.

3. தரவு உங்களுடையதுதானா?

கள ஆய்வை வெளி நிறுவனம் செய்திருந்தால் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். திரட்டிய தரவின் உரிமை அலுவலகத்துக்கே என்ற வரி இருக்கிறதா? இல்லையென்றால் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். வேறு துறையிடமிருந்து பெற்ற தரவை அந்தத் துறையைக் கேட்காமல் வெளியிடாதீர்கள். இனி போடும் ஒப்பந்தங்களில், மூலத் தரவை எக்செல் அல்லது சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) கோப்பாக ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லுங்கள். பிடிஎஃப் அறிக்கை மட்டும் கையில் கிடைத்து, அதிலிருந்து அட்டவணையைத் திரும்பத் தட்டச்சு செய்வது பெரிய வீண்செலவு.

4. தனிமனித விவரங்களை எடுத்துவிடுங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடவே கூடாது. மற்றத் தவறுகளைத் திருத்திவிடலாம். வெளியே போன ஆதார் எண்ணைத் திரும்ப வாங்க முடியாது.

ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவு ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதைத் தடுக்கிறது. அப்படியிருந்தும், ஏறத்தாழ 210 அரசு சார்ந்த இணையதளங்கள் பயனாளிகளின் பெயர், முகவரியோடு ஆதார் எண்ணையும் காட்டிக்கொண்டிருந்ததாக 2017இல் நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. யாரும் தீய எண்ணத்தோடு செய்ததில்லை. எக்செலில் இருந்த நெடுவரிசையை எடுக்காமல் அப்படியே ஏற்றியதுதான்.

பெயர், கைபேசி எண், ஆதார், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை எண், வீட்டு எண், சொத்துவரி மதிப்பீட்டு எண் எல்லாவற்றையும் நீக்குங்கள். நெடுவரிசையை மறைத்து வைத்தால் நீக்கியதாகாது. அதை வெளிப்படுத்த இரண்டு சொடுக்கு போதும். கோப்பில் வேறு ஷீட்டுகள், குறிப்புப் பெட்டிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். புதிய வெற்றுக் கோப்பைத் திறந்து, வெளியிட வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் மதிப்பாக ஒட்டிக்கொள்வதே பாதுகாப்பு.

எண்ணைப் புரியாத வேறோர் எழுத்துக்கோவையாகக் குறியாக்கி மாற்றிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 2014இல் நியூயார்க் நகர டாக்சிப் பயணத் தரவில் வண்டி எண்களைக் குறியாக்கித்தான் கொடுத்தார்கள். சாத்தியமான எண்கள் குறைவு என்பதால் எல்லாவற்றையும் கணினியில் ஓட்டிப் பார்த்து, குறுகிய நேரத்தில் அசல் எண்களை மீட்டுவிட்டார்கள். வேண்டாத எண்ணை நெடுவரிசையோடு தூக்கிவிடுங்கள்.

பெயரே இல்லாவிட்டாலும் ஆளை அடையாளம் காட்டும் தரவு உண்டு. ஒரு தெருவில் விதவை ஓய்வூதியம் பெறுபவர் 1 என்று போட்டால் அந்தத் தெருவுக்கே அவர் யாரென்று தெரியும். இப்படிப்பட்டவற்றை வார்டு அளவில் கூட்டிக் கொடுங்கள். ஐந்துக்குக் கீழே எண்ணிக்கை வரும் இடத்தில் "5-க்குக் குறைவு" என்று எழுதுங்கள். மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தை வெளியிடத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவே இடம் தருகிறதே என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள் தனியாகப் பதில் முடிவு செய்ய வேண்டாம். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்போது பக்கத்தில் நிற்கிறது. அப்படிப்பட்ட தொகுப்புகளைச் சட்ட ஆலோசகரிடம் கோப்பாக அனுப்பிவிட்டு, தண்ணீர், விளக்கு, கழிப்பறை என்று ஆளே இல்லாத தரவில் தொடங்குங்கள்.

முடிந்ததும் அந்தத் தரவை அறியாத வேறொருவரிடம் கோப்பைக் கொடுத்து, "இதில் யாராவது உங்களுக்குத் தெரிகிறார்களா?" என்று கேளுங்கள். பிறகு "தனிநபர் விவரம் இல்லை" என்ற சான்றில் பிரிவுத் தலைவரின் கையெழுத்து வாங்குங்கள்.

காலம்: 2 முதல் 4 நாள்.

5. எக்செலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றுங்கள்

அலுவலக எக்செல்கள் தாளில் அச்சிடப் போடப்பட்டவை. மேலே நகராட்சியின் பெயர் மூன்று வரி, நடுவில் இணைத்த கட்டங்கள், கீழே "மொத்தம்", அதற்கும் கீழே கையெழுத்துக்கு இடம். மனிதக் கண்ணுக்கு அழகு, கணினிக்குக் குழப்பம். முதல் வரி நெடுவரிசைத் தலைப்பு. இரண்டாம் வரியிலிருந்து ஒரு வரிக்கு ஒரு பதிவு. வேறொன்றும் இருக்கக் கூடாது. இணைத்த கட்டங்களைப் பிரித்து, வார்டு எண்ணை ஒவ்வொரு வரியிலும் நிரப்புங்கள். மொத்தத்தை எடுத்துவிடுங்கள், தேவைப்படுபவர் கூட்டிக்கொள்வார். நிறத்தால் பொருள் சொல்லாதீர்கள். எங்கள் கோப்பில் மஞ்சள் வரி என்றால் "லாரித் தண்ணீர்" என்று அர்த்தம். சிஎஸ்வி ஆக்கியதும் மஞ்சள் மறைந்து, அந்தத் தெருக்களெல்லாம் குழாய்த் தண்ணீர் பெறுவது போல ஆகிவிட்டன. அதற்கென்று ஒரு நெடுவரிசை வைத்தபிறகே சரியானது.

தேதியை 2024-03-31 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். 04/05 என்று எழுதினால் சில கணினிகள் ஏப்ரல் 5 என்றும் சில மே 4 என்றும் எடுத்துக்கொள்ளும், தவறு நடந்ததே தெரியாது. பூஜ்யத்தில் தொடங்கும் குறியீடுகளை எழுத்து வடிவமாக மாற்றிவிட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் எக்செல் பூஜ்யத்தைத் தின்றுவிடும். பதினைந்து இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களில் அது கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். காலியான கட்டத்துக்கும் பூஜ்யத்துக்கும் வேறுபாடு உண்டு: தண்ணீர் விடவில்லை என்பது 0, விவரம் கிடைக்கவில்லை என்பது காலி. இரண்டையும் கோடு போட்டு நிரப்பும் பழக்கத்தை விடுங்கள்.

இடத்தின் பெயர்தான் பெரிய தலைவலி. "மேட்டுத் தெரு", "மேட்டுத்தெரு", "மேட்டுதெரு" மூன்றும் நமக்கு ஒன்று. கணினிக்கு மூன்று தெரு. அதோடு வார்டு மறுவரையறைக்கு முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் ஒரே கோப்பில் கலந்திருக்கும். தெருப் பெயர்களுக்கு ஒரு தனிப் பட்டியல் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு கொடுங்கள். நகராட்சி, ஊராட்சி அளவுக்கு நீங்களாகக் குறியீடு உருவாக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் உள்ளாட்சி அடைவில் ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்புக்கும் தனி எண் இருக்கிறது. அந்த எண்ணைச் சேர்த்துவிட்டால் உங்கள் தரவை வேறு துறையின் தரவோடு யாரும் பொருத்திப் பார்க்கலாம். எங்கள் தெருப் பட்டியலைச் சீராக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களைக் கூட்டமாகக் காட்டும். ஆனால் எது எந்தத் தெரு என்று கடைசியாகச் சொல்லத் தெரிந்தவர் வால்வு திறக்கும் ஊழியர்தான். அவரை உட்காரவைத்து வரி வரியாகக் கேளுங்கள்.

அமைவிடம் கொடுப்பதாக இருந்தால் அட்சரேகை ஒரு நெடுவரிசை, தீர்க்கரேகை ஒரு நெடுவரிசை, இரண்டும் தசம எண்ணில். தமிழ்நாட்டுக்குள் இருக்கும் எந்த இடத்துக்கும் அட்சரேகை 8 முதல் 13.6-க்குள், தீர்க்கரேகை 76 முதல் 80.4-க்குள் வரும். இரண்டும் இடம் மாறியிருந்தால் இந்தக் கணக்கை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பேருந்து, மெட்ரோ போன்றவற்றுக்கு உலகம் முழுக்கப் புழங்கும் ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவம் தயாராக இருக்கிறது. கொச்சி மெட்ரோ 2018இல் தன் அட்டவணையை அதில்தான் திறந்துவிட்டது. உங்கள் தரவுக்கு இப்படி ஒரு பொது வடிவம் ஏற்கெனவே இருந்தால் புதிதாக ஒன்றை வகுக்காதீர்கள்.

காலம்: 8 முதல் 12 நாள். மென்பொருள் செலவு இல்லை. லிப்ரே ஆபீசும் ஓப்பன்ரிஃபைனும் இலவசம். களத்தில் போய்ச் சரிபார்க்க வண்டிப் பெட்ரோலும் ஒருவரின் மூன்று நாளும் தேவைப்படும். அதைக் குறிப்பிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

6. தமிழ் எழுத்து சிதையாமல் பாருங்கள்

பழைய கோப்புகள் பெரும்பாலும் வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டியவை. திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த வேறொன்றாக இருக்கும். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். குப்பையாகத் தெரிந்தால் அது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அல்ல. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு கொம்பு, கால், புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று நூறு வரியாவது கண்ணால் படியுங்கள்.

அடுத்த பொறி சேமிக்கும்போது வரும். எக்செலில் வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். பட்டியலில் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று தனியாக இருக்கும் (யூடிஎஃப்-8 என்பது யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறை), அதைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆபீசில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம்.

நெடுவரிசைத் தலைப்பை மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள்; நிரல் எழுதுபவர்களுக்கு அது உதவி. உள்ளே தெருப் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு நெடுவரிசையாக இருக்கட்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 4(4) பிரிவு உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. ஆங்கிலம் மட்டும் போதுமென்று யாராவது சொன்னால் அதைக் காட்டுங்கள்.

7. விளக்கக் குறிப்பு எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள், எந்த அலகு (லிட்டரா, கிலோ லிட்டரா), எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது, எந்தத் தேதி நிலவரம், எது விடுபட்டிருக்கிறது, தவறு கண்டால் எந்த அலுவலக மின்னஞ்சலுக்கு எழுத வேண்டும். விடுபட்டதை மறைக்காதீர்கள். எங்கள் குறிப்பில் "இணைக்கப்பட்ட இரண்டு பகுதிகளின் அட்டவணை இன்னும் சேரவில்லை" என்று எழுதியிருந்தோம். அதைப் பார்த்து யாரும் குறை சொல்லவில்லை. தங்கள் பகுதி எப்போது சேரும் என்று மட்டும் கேட்டார்கள்.

8. ஏற்றுவது

மத்திய அரசின் திறந்த தரவுத் தளமான டேட்டா.கவ்.இன், தேசியத் தகவலியல் மையம் நடத்துவது. தமிழ்நாட்டுக்கென்று அதன் கீழ் தனித்தளமும் உண்டு. அலுவலகத்துக்கு அங்கே பொறுப்பான தரவு அலுவலர் இருக்க வேண்டும். அவருக்குக் கீழே தரவு ஏற்றுபவர் கணக்கு உருவாகும். ஏற்றுபவர் கோப்பைப் போடுவார், தரவு அலுவலர் ஒப்புதல் தருவார், பிறகு தளத்தினர் பார்த்து வெளியிடுவார்கள். இரண்டாம் படியில் வாங்கிய ஆணையின் நகல் இங்கேதான் தேவைப்படும். கணக்குகளைத் தனிப்பட்ட ஜிமெயிலில் தொடங்காதீர்கள். பதவிக்கான அரசு மின்னஞ்சல் இல்லையென்றால் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். எனக்கு அதற்கே மூன்று வாரம் ஆனது, அதுவரை மற்ற எல்லாம் தயாராகக் காத்திருந்தது.

அங்கே "கேட்டலாக்" என்பது அலமாரி. "ரிசோர்ஸ்" என்பது அதில் வைக்கும் கோப்பு. ஒவ்வொரு மாதக் கோப்புக்கும் புதிய அலமாரி திறக்காதீர்கள். ஒரே அலமாரியில் மாதாமாதம் சேர்த்தால்தான் தேடுபவர் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பார். தலைப்பில் ஊர், பொருள், காலம் மூன்றும் இருக்கட்டும். "அறிக்கை-இறுதி-புதியது" என்ற பெயரில் ஏற்றியதை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

உரிமமாக 2017இல் அறிவிக்கப்பட்ட இந்திய அரசின் திறந்த தரவு உரிமத்தைக் குறிப்பிடுங்கள். மூலத்தைச் சொல்லிவிட்டு வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்று அது அனுமதிக்கிறது. தனிநபர் தகவலும் அரசுச் சின்னங்களும் அதில் சேரா. உரிமமே போடாமல் விட்டால் பொறுப்புள்ளவர்கள் உங்கள் தரவைத் தொடவே தயங்குவார்கள்.

காலம்: கணக்கு தயாராக இருந்தால் 5 முதல் 10 நாள். கோப்பு திருத்தத்துக்குத் திரும்பி வந்தால் இன்னொரு வாரம். இந்தத் தளத்தில் ஏற்றப் பணம் கிடையாது. "தனி போர்ட்டல் கட்டித் தருகிறோம்" என்று யாராவது விலைப்பட்டியலோடு வந்தால், முதல் ஆண்டு முடியும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். மூன்று கோப்பு வைக்கத் தனி போர்ட்டல் தேவையில்லை. அந்தப் பணத்தில் களச் சரிபார்ப்புக்கு ஆள் வைக்கலாம்.

9. அடுத்த மாதத்துக்கு இன்றே நாள் குறியுங்கள்

வெளியிட்ட அன்று படம் எடுப்பார்கள். இரண்டாம் மாதம் யாருக்கும் நினைவிருக்காது. இரண்டாண்டுப் பழைய தண்ணீர் அட்டவணை, அட்டவணையே இல்லாததைவிட மோசம். அதை நம்பி ஒரு பெண் குடத்தோடு காத்திருப்பார்.

புதுப்பிக்கும் வேலையைத் தனி வேலையாக வைக்காதீர்கள். குடிநீர்ப் பிரிவு மாதந்தோறும் எப்படியும் ஒரு அறிக்கை தயாரிக்கிறது. அந்த அறிக்கையின் படிவத்தையே ஐந்தாம் படியில் சொன்ன அமைப்புக்கு மாற்றிவிட்டோம். இப்போது அவர்கள் நிரப்பும் கோப்பையே சிறு சரிபார்ப்புக்குப் பின் ஏற்றுகிறார்கள். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. படிவத்தை மாற்ற ஒரு சுற்றறிக்கை தேவைப்பட்டது, அவ்வளவே. மாதாமாதம் முடியாது என்று தோன்றினால் காலாண்டுக்கு ஒருமுறை என்று உண்மையாக அறிவித்து அதைக் காப்பாற்றுங்கள்.

தவறு சுட்டிக்காட்டி மின்னஞ்சல் வரும். எங்களுக்கு வந்த முதல் மின்னஞ்சலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பக்கத்துப் பக்கத்து இரண்டு தெருக்களின் கிழமை மாறியிருப்பதை எழுதியிருந்தார். வால்வு ஊழியரைக் கேட்டோம், ஆசிரியர் சொன்னது சரி. கோப்பைத் திருத்தி, பழைய கோப்பை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்து, விளக்கக் குறிப்பின் கீழே "இன்ன தேதியில், இன்ன இரண்டு வரிகள், பொதுமக்கள் சுட்டிக்காட்டியபடி திருத்தப்பட்டன" என்று சேர்த்தோம். மூன்றாம் நாள் அவருக்குப் பதில் போயிற்று. அடுத்த வாரம் அதே தெருவிலிருந்து இன்னும் நான்கு திருத்தங்கள் வந்தன. அவற்றில் மூன்று சரியாக இருந்தன.